மலைக்கு அடியில் எல்லைக்கல் இல்லை

இலங்கை மலைநாட்டில், அட்டன் ஸ்டேஷனுக்குப் பின்னால் கடைத்தெருவில் எனக்கு ஒரு மளிகைக்கடை; வீடு அதன் பின்கட்டு. நாலு மூட்டை அரிசியும் ஒரு தகரம் மண்ணெண்ணெயும் இருந்தாலே முதலாளி என்று கூப்பிடுவார்கள்; என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ரயில் வந்தால் வியாபாரம், இல்லாவிட்டால் ஈ ஓட்டுவேன். ஸ்டேஷனுக்குச் சற்றுத் தள்ளி மலையைக் குடைந்து போகிறது சிங்கமலைச் சுரங்கம். அங்கே வண்டி ஊதுகிற ஊதலில் எங்கள் தெருவில் தூங்கும் பிள்ளைகள் எல்லாம் விழித்துவிடும். என் வீட்டில் விழிக்கப் பிள்ளை இல்லை.

இரண்டு பிறந்தன. இரண்டும் அழவே இல்லை. முப்பத்தைந்தாம் வருஷம் வைகாசியில் என் மனைவி பரிமளத்துக்கு மூன்றாம் முறையாக வலி கண்டது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாக்கண்ணு அக்காவக் கூட்டிட்டு வாங்க. வேற யாரும் என்னத் தொட வேணாம்."

அம்மாக்கண்ணு, சுரங்கத்துக்கு அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள்; அங்கே மருத்துவச்சியும் அவள்தான். பரிமளத்தை என் தங்கை பார்த்துக்கொள்ள, நான் கொட்டுகிற மழையில் ரோட்டு வழியாகக் கணவாய் ஏறி இறங்கி ஓடினேன். போய்ப் பார்த்தால், மாரியம்மன் கோயில் வாசலில் மஞ்சள் சேலை கட்டி நிற்கிறாள். மணிக்கட்டில் மஞ்சள்கிழங்கு கோத்த நூல்காப்பு. திருவிழாவில் தீச்சட்டி எடுக்கப் போகிறாளாம்.

காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. பிள்ளை பெற்ற வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. இது தெரியாத ஆள் மலையில் உண்டா?

"மொதலாளி, ஒங்க கஷ்டம் புரியுதுங்க. ஆனா கணவாயில எல்லைக்கல்லு இருக்கு. காப்போட அதத் தாண்டுனா தோட்டத்துக்கே ஆகாது" என்றார் பூசாரி பெரியதம்பி. நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்த நிமிஷம் அவர் குடுமியைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது.

அம்மாக்கண்ணு என்னிடம் மட்டும் கேட்டாள்.

"பன்னீர்க்கொடம் ஒடஞ்சிருச்சுங்களா?"

"ஒடஞ்சிருச்சு அக்கா."

அவள் பூசாரி பக்கம் திரும்பினாள். "கல்லு மலைக்கு மேலதானே நட்டிருக்கு? அடியில யாரும் நடலையே?"

பூசாரி வாய் திறப்பதற்குள் படி இறங்கிவிட்டாள்.

"தீட்டும்மா, தீட்டு!"

"அத ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேனுங்க."

நேரே சுரங்கத்துக்கு நடந்தாள். அந்தச் சுரங்கத்தின் ஊதலைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. அவள் கையிலிருந்த லாந்தர் வெளிச்சம் நாலடி தூரம்கூடப் போகவில்லை. மேலேயிருந்து தண்ணீர் சொட்டியது. பாதி வழியில் அவள் குனிந்து தண்டவாளத்தில் கைவைத்துப் பார்த்தாள். "வண்டி வருது" என்று என்னைச் சுவரில் ஆள் ஒதுங்க விட்டிருந்த குழிக்குள் தள்ளினாள். ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டோம். கூட்ஸ் வண்டி எங்களை உரசுவதுபோலப் போனது. புகையில் நெஞ்சு அடைத்தது. வண்டி போன பிறகும் நான் குழியை விட்டு வெளியே வரவில்லை.

"பயமா இருக்குங்களா?"

"ஆமா."

"பயந்துகிட்டே நடங்க."

நடந்தபடியே சொன்னாள். "என் தங்கச்சி பிரசவத்துலதான் போனா. பக்கத்துலயே இருந்தேன், ஒண்ணும் தெரியல. அப்புறந்தான் இந்தத் தொழிலக் கத்துக்கிட்டேன். என் கையில ஒரு உசுரும் போயிரக் கூடாதுன்னுதான் வருசா வருசம் சட்டி எடுக்குறேன். இப்ப அந்தச் சட்டிக்காக ஒரு உசுர விட்டுட்டா, ஆத்தா மூஞ்சில எப்படிங்க முழிக்கிறது?"

வீட்டில் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். பரிமளம் அலறினாள். பிறகு சத்தமே இல்லை. முன்பு இரண்டு தடவையும் இப்படித்தான் அடங்கியது. நான் எழுந்திருக்கக்கூடப் பயந்தேன். உள்ளே முதுகில் தட்டும் சத்தம் கேட்டது. மறுபடி தட்டினாள், மறுபடியும். விடவில்லை அவள்.

பிள்ளை அழுதது.

"மொதலாளி, நூலு!"

கடையில் தேடி நூல்கண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். முகர்ந்து பார்த்துத் தூர எறிந்தாள். "மண்ணெண்ண நாத்தம். இதையா தொப்புள்ல கட்டுறது?" மணிக்கட்டை வாயருகே கொண்டுபோய்ப் பல்லால் காப்பின் முடிச்சை அவிழ்த்தாள். கிழங்கை உருவிவிட்டு, அந்த மஞ்சள் நூலைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்துத் தொப்புள்கொடியைக் கட்டினாள். பெண்பிள்ளை. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் தலைமுழுகிவிட்டுக் கிளம்பினாள். நானும் சுரங்கம் வழியே கூடப் போனேன். கோயில் வாசலில் பூசாரி வெறும் மணிக்கட்டைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"காப்பு எங்க?"

"மொதலாளி மகளோட தொப்புள்ல இருக்குங்க." அவள் கையை நீட்டினாள். "வேற ஒண்ணு கட்டுங்க. கட்டலைன்னா வெறுங்கையோட சட்டி எடுப்பேன்."

பூசாரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய பேரப்பிள்ளைகளும் அந்தக் கையில் விழுந்தவர்கள்தான். கடைசியில் கோயிலுக்குள் திரும்பி, "மஞ்சக்கெழங்கு கொண்டாங்க" என்றார்.

நான் கடைக்குத் திரும்பியபோது பகல் வண்டி சுரங்கத்தில் ஊதியது. என் மகள் விழித்துக்கொண்டு தெருவே அதிர அழுதாள். இன்னும் பலமாய் ஊதட்டும் என்று இருந்தது எனக்கு.