தொரை சாப்பாடு

டிவியை அணைத்துவிட்டு ரிமோட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த புருஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லாரி ஓட்டுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிட்டு அவள் பார்த்ததே இல்லை, லோடு ஏற்றித்தான் பார்த்திருக்கிறாள். உப்பு போட்டாளா மறந்தாளா என்றுகூடக் கேட்காமல் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

"இனிமே நாம பிரெஞ்சுக்காரங்க மாதிரி சாப்பிடப் போறோம்" என்றாள்.

"யாரு மாதிரி?"

பல் டாக்டரிடம் அவளுக்கு வேலை. வருகிறவர்களை உட்காரவைத்துப் பெயர் கூப்பிடுவாள். அங்கே கிடந்த பழைய பத்திரிகையில்தான் படித்தாள். சின்னத் தட்டில் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு வாய்க்கும் ஸ்பூனைக் கீழே வைக்க வேண்டும், ருசியைப் பற்றிப் பேச வேண்டும், நடுவில் கண்டதைக் கொறிக்கக் கூடாது. ஒருத்தர் முடிக்கும்வரை மற்றவர் எழுந்திருக்கக் கூடாது. அந்தக் கடைசிச் சட்டத்துக்காகத்தான் மற்றதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. சுவரோடா பேசுவது?

"பட்டினி போடுறதுக்குப் பேரு பிரெஞ்சா?" என்று கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார் மனுஷன். அப்புறம் என்ன மாயமோ, வழிக்கு வந்துவிட்டார். ரொட்டியைச் சூப்பில் நன்றாக ஊறவிட்டு, யோசித்து யோசித்து மென்றார். சின்னத் தட்டிலேயே மிச்சம் வைத்தார்.

"தொரைக்குப் போதுமா?" என்று சீண்டுவாள்.

"போதும் தொரைசாணி" என்பார்.

வாய்க்கு வாய் நிறுத்தி ரோட்டுக் கதையெல்லாம் சொன்னார். மலையில் ஒருமுறை பிரேக் பிடிக்காமல் போனபோது அவள் முகம்தான் கண்ணுக்குள் வந்தது என்றார். அடேயப்பா, இத்தனை வருஷம் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தார்! பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார். "தொப்பை கரைஞ்சே போச்சு" என்று க்ளினிக் முழுக்கப் பீற்றிக்கொண்டாள் அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க எடுத்தபோது, அவருடைய பேன்ட் பாக்கெட்டில் கைக்குட்டை பிசுபிசுத்தது. பிரித்தாள். மென்று துப்பிய ரொட்டி, உருண்டை உருண்டையாக. இன்னொரு பேன்ட்டிலும் அதே.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் கொண்டுபோய் நீட்டினாள். "என்னங்க இது?"

அவர் கைக்குட்டையை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "இறங்க மாட்டேங்குது" என்றார். "மொதல்ல ரொட்டி மட்டும்தான் சிக்குச்சு. இப்ப தண்ணிகூட நின்னு நின்னுதான் போகுது."

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்னங்க கேடு?"

"சொல்லணும்னுதான் ஒக்காருவேன். நீ சிரிச்சுக்கிட்டே தொரைன்னு கூப்பிடுவே. சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுடுவேன்."

நாள் முழுக்க அடுத்தவர் வாய் வலிக்கு ஆறுதல் சொல்லி உட்காரவைக்கிறவள். கைக்கெட்டும் தூரத்தில் இந்த ஆள் தொண்டை அடைத்துத் தவித்திருக்கிறார், அதைப் போய் நாகரிகம் என்று நினைத்துப் பூரித்திருக்கிறாளே, பாவி!

தொண்டைக்குள் கட்டி, கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வயிற்றில் குழாய் வைத்து அனுப்பினார்கள். அதன் பிறகு அவருக்கு வாய்வழியாக எதுவும் கிடையாது. அவள் சமையலறையில் கதவுக்குப் பின்னால் நின்றபடி, திருடித் தின்கிறவள் போல அவசர அவசரமாக விழுங்கிவிட்டு வருவாள். இப்போது லோடு ஏற்றுகிறவள் அவள்தான்.

ஒருநாள் சாயங்காலம் மேஜையில் ஸ்பூன் தட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அவர் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே அவளுக்குச் சின்னத் தட்டு வைத்திருந்தார்.

"இங்க வந்து ஒக்காந்து சாப்பிடு" என்றார். குரல் கரகரத்தது.

"உங்க முன்னாடி எப்படிங்க..."

"சட்டம் போட்டவ நீதானே? வா."

சூப்பும் ரொட்டியும் எடுத்து வந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தாள். இறங்கவில்லை.

"எப்படி இருக்கு? சொல்லு."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உப்பு கொஞ்சம் தூக்கல். மிளகு வாசனை நல்லா வருது. ரொட்டி ஓரம் மட்டும் இன்னும் மொறுமொறுன்னு இருக்கு."

அவர் கண்களை மூடிக்கொண்டு, வெறும் வாயை மெதுவாக மென்றார். அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.