வாசல் வரைக்கும் தெரியும்

விடுமுறை நாள் காலை. அவள் தையல் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். பரீட்சை நேரத்திலும் மகள் போனும் கையுமாக இருக்கிறாளே என்று, வீட்டு வைஃபையில் யார் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்று காட்டும் ஏற்பாட்டைக் கொழுந்தன் செய்துகொடுத்துவிட்டுப் போயிருந்தான். பஸ் மெக்கானிக்கான அவள் கணவர், புதுப் பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி அதைத் தன் போனில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"பாட்டு, சினிமா, திரும்பவும் பாட்டு... உன் பொண்ணு படிச்சுக் கிழிக்கிறா போ."

"கிழிச்சா உங்க பொண்ணு. மார்க் வாங்கினாத்தான் என் பொண்ணு."

சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "ஏய், இதென்ன? கேன்சர் ஆஸ்பத்திரி பேர் இருக்கு. திரும்பத் திரும்ப. உன் போன்லேருந்து."

ஊசிக்கடியில் துணி கோணிக்கொண்டு போனது. தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம் இருந்தால், நாம் பார்ப்பது யாருக்கும் தெரியாது என்று மகள் சொல்லிக்கொடுத்திருந்தாள். குளிக்கும்போது மார்பில் கட்டியாகத் தட்டுப்பட்டதைப் பற்றி, கூடப்பிறந்த அக்காவிடம்கூட மூச்சு விடாதவள், அந்தப் பூட்டை நம்பித்தான் தேடினாள்.

"உள்ள என்ன படிச்சேன்னும் காட்டுமா?"

"அது தெரியாதாம். எந்த வீட்டு வாசலுக்குப் போனோம்னுதான் தெரியுமாம். உள்ள போய் என்ன பேசினோம்னு தெரியாதுன்னான் தம்பி."

அப்பாடா என்றிருந்தது. ஒரு பொய் நுழைய இடம் இருந்தது. அவருடைய அம்மா போனதும் இதே நோயில்தான். அதன்பின் அந்தப் பெயரையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை. மனுஷன் இப்போதுதான் பழையபடி வாய்விட்டுச் சிரிக்கிறார். அதில் மண்ணைப் போடுவதா?

"அது... துணி தைக்கக் கொடுப்பாங்களே, அந்த டீச்சர்..."

அவர் போனிலிருந்து நிமிரவில்லை. "டீச்சருக்குன்னே சொல்லிடும்மா," என்றார். "நான் நம்பிடறேன்."

அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

அவர் எழுந்து வந்தார். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாத கை. அதை அவள் தோளில் வைக்கலாமா, வைத்தால் வலிக்குமா என்று தெரியாமல் அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அவள்தான் அதைப் பிடித்துத் தோளில் இறக்கினாள்.