பாஸ் என்ற வினைச்சொல்லின் இறந்தகாலம்

1

இந்தக் கதை எனக்குச் சொல்லப்பட்டது. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, மாதா கோயில் மண்டபத்தில் எல்லாரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் ஒரு பெண் என்னைச் சுவரோரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். சொல்லி முடிக்கவில்லை. ஏன் முடிக்கவில்லை என்பது பின்னால் வரும். இடையில் ஓரிடத்தில் நிறுத்தி, "எழுதுங்கோ தம்பி. ஆனா என்ரை பேரைப் போடாதேங்கோ" என்றார்.

பெயரை மாற்றிவிட்டேன். றோஸ்மலர் என்று வைத்திருக்கிறேன். மன்னார்க்காரி என்பதை மாற்ற மனம் வரவில்லை.

எழுத உட்கார்ந்தபோது மூன்று தொடக்கங்கள் வந்தன.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் (இல்லை. அன்றைக்கு நல்ல வெயில் என்று அவரே சொன்னார். லண்டன் என்றதும் மழையைக் கொண்டுவந்து ஊற்றுவது என்னைப்போன்றவர்களின் சோம்பல்.)

ஆங்கிலத்தில் பாஸ் என்ற வினைச்சொல்லுக்கு அகராதி தருகிற பொருள்கள் பல. அவற்றுள் (இது கட்டுரை. கட்டுரையில் யாரும் இறப்பதில்லை.)

லின் இறந்துவிட்டார் என்பது அவருடைய மனைவிக்கு மட்டும்

மூன்றாவதை முடிக்காமல் விட்டேன். அழிக்கவும் இல்லை. உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். தெரிந்தவர்கள் வாய் திறக்காமல் இருந்த கதை இது. நீங்களும் அவர்களோடு சேர்ந்து நில்லுங்கள்.

2

றோஸ்மலர் ஊரில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். இங்கே குட்மேய்ஸில் ஒரு மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறார். வியாழன் பின்னேரங்களில் மட்டும் பழைய தொழில் திரும்பி வரும். ஒரு சமூக நிலையத்தின் மேல்மாடியில், சீன மொழி பேசுகிறவர்களுக்குச் சம்பளம் வாங்காமல் ஆங்கிலம் படிப்பித்தார். ஏன் சீனர்கள் என்று கேட்டேன். "படிப்பிக்க வாறன் எண்டு பேர் குடுத்தன். அவை இந்தக் குழுவைத் தந்தினம்" என்றார். அவ்வளவுதான் காரணம்.

அவருடைய முறை இலகுவானது. கிழமைக்கு ஒரு வினைச்சொல். முதலில் வீட்டிலும் கடையிலும் புழங்கும் பொருள்கள். கடைசிப் பத்து நிமிடம் தெருவில் பேசுகிற பொருள்கள். சீனாவில் பள்ளிக்கூட ஆங்கிலம் படித்தவர்களும் இந்தக் கடைசிப் பத்து நிமிடத்துக்காகவே மழையிலும் வந்தார்கள். தெருமொழிக்கு றோஸ்மலரின் மகள் ஷெறோன்தான் அகராதி.

பாஸ் என்ற சொல்லைக் கொண்டுவந்தது சியூலான். அறுபது வயதுக்காரி, முன்வரிசைக் கதிரை. அவரும் கணவர் லின்னும் நெடுங்காலம் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். லின் முன்னால் நின்று ஆங்கிலத்தில் ஓர்டர் எடுப்பார். சியூலான் பின்னால் அடுப்படியில். வீட்டுக்குத் தேவையான ஆங்கிலம் முழுவதையும் கணவர் பேசிவிட்டதால் மனைவிக்கு அது தேவைப்படவில்லை. போன மாரியில் லின்னுக்குப் பாரிசவாதம் வந்தது. வாய் போய்விட்டது. அவருடைய வாயோடு அந்தக் குடும்பத்தின் ஆங்கிலமும் போய்விட்டது.

லின்னுக்கு விழுங்க முடியவில்லை, குழாய் வழியாகத்தான் ஆகாரம். விழுங்குகிறாரா என்று ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை வைப்பார்கள். அதில் தேறினால் வீட்டுச் சாப்பாடு கொண்டுவரலாம். தாதி கைகாட்டி விளக்கியதில் சியூலானின் காதில் நின்றது ஒரே ஒரு சொல்.

"டீச்சர், பாஸ் என்ன?"

அந்தக் கிழமையின் வினைச்சொல் அப்படி முடிவானது.

முதல்நாள் பின்னேரம் றோஸ்மலர் மகளிடம் கேட்டிருக்கிறார். ஷெறோன் வேலையால் வந்து, சப்பாத்துக் கழற்றாமல் கதிரையில் கிடந்தாள்.

"பிட்டு வைக்கட்டே?"

"ஐ வில் பாஸ், அம்மா."

"என்னத்தைப் பாஸ்?"

"வேண்டாம் எண்டு அர்த்தம். மரியாதையாச் சொல்லுறது. கிளாசிலை சொல்லிக்குடுங்கோ." பிறகு யோசித்துவிட்டுச் சொன்னாள்: "செத்துப்போனதுக்கும் அதுதான். ஹி பாஸ்ட் எண்டுதான் இப்ப எல்லாரும் சொல்லுறது. பின்னாலை ஒண்டும் போடாயினம்."

"அது எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக்குடுக்கேலாது. முன் கதிரையிலை இருக்கிற மனுசியின்ரை புருசன் ஆஸ்பத்திரியிலை."

"அதுக்காகத்தான் சொல்லிக்குடுக்க வேணும், அம்மா."

(ஷெறோனின் இந்தக் கடைசி வரியை நான் நம்பவில்லை. நடந்து முடிந்தபின் தாயின் மனம் தன்னைக் குத்துவதற்காக உண்டாக்கிய வரி என்று நினைத்து வெட்டிவிட்டேன். றோஸ்மலரிடம் போனில் சொன்னேன். "அது நிக்கட்டும்" என்றார். நிற்கிறது.)

வியாழன் வகுப்பு கலகலப்பாகத்தான் போனது. மேசையில் உப்புப் போத்தலை வைத்து, பாஸ் மீ த சோல்ட் என்று ஒருவருக்கொருவர் கைமாற்றினார்கள். பஸ் நூலகத்தைக் கடந்து போனது. நேரம் போனது. பிறகு சோதனை. றோஸ்மலர் சியூலானை எழுப்பி நிறுத்தி, அவருக்கென்றே கேள்வியும் பதிலும் பழக்கினார்.

"டிட் ஹி பாஸ்?"

"யெஸ். ஹி பாஸ்."

"பாஸ்ட். முடிவிலை ட் வர வேணும். நடந்து முடிஞ்ச விசயம்."

"ஹி பாஸ்ட்."

அந்த ட் நாக்கில் ஏறும்வரை விடவில்லை. ஏறியதும் வகுப்பே கை தட்டியது. அடுத்த பொருளுக்கு றோஸ்மலர் வாயெடுத்தார். முன்வரிசையில் சியூலான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். றோஸ்மலர் அந்தப் பொருளைத் தாண்டி, ஐ வில் பாஸ் என்பதற்குப் போனார்.

3

இந்த இடத்தில் கதையை நிறுத்திவைத்துக் கொஞ்சம் சொல்லாராய்ச்சி செய்யப்போகிறேன். பொறுக்க முடியாதவர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம். நானும் அடுத்து நடப்பதை எழுதப் பயந்துதான் இங்கே சுணங்குகிறேன்.

தமிழில் ஒருவர் தவறிவிட்டார் என்கிறோம். பரீட்சையில் தவறுவதற்கும் அதுதான் சொல். ஆங்கிலேயர் இறந்தால் சோதனையில் சித்தியடைகிறார், நாங்கள் இறந்தால் கோட்டை விடுகிறோம். ஆனால் இற என்ற பழைய வினைக்குக் கடந்துபோதல் என்றுதான் பொருள். அதனால்தான் கடந்துபோன காலத்தை இறந்தகாலம் என்கிறோம். இலக்கணம் படிப்பிக்கிற ஒவ்வொரு தமிழ் ஆசிரியையும் வாரத்துக்குப் பலமுறை இறந்த என்று சொல்கிறார். கூச்சப்படுவதில்லை.

எனக்கு ஒரு சீன நண்பர் உண்டு. அவரிடம் கேட்டேன். கடப்பதற்கு அவர்களிடம் குவோ என்று ஒரு சொல். சோதனையில் தேறினாலும் அது வரும். நாளைக் கழித்தாலும் வரும். உலகத்தைக் கடந்து போய்விட்டார் என்று மரணத்தைச் சொன்னாலும் அதே குவோ வரும்.*

* அதாவது, சியூலானுக்கு இது புதுப் பொருளே அல்ல. ஒருதரம் சொல்லியிருந்தால் ஓம் ஓம், எங்களிடமும் அப்படித்தான் என்று தலையாட்டியிருப்பார். அரை நிமிட வேலை. இதை நான் றோஸ்மலரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதினால் வாசித்துவிடுவார் என்று தெரிந்தும் எழுதியிருக்கிறேன்.

4

அடுத்த செவ்வாய் காலை, றோஸ்மலர் கவுண்டரில் நின்றபோது வாட்ஸப்பில் ஒரு குரல்செய்தி வந்தது. சியூலான். காதோடு வைத்துக் கேட்டார்.

"டீச்சர். ஹொஸ்பிட்டல் கோல் மீ. ஷி சே சொரி, சொரி. ஹி பாஸ்ட். திஸ் மோர்னிங். ஷி சே கம். ஐ குக் நவ்."

பின்னால் ஏதோ கொதிக்கிற சத்தம். ட் துல்லியமாக விழுந்திருந்தது.

றோஸ்மலர் இரண்டாம் தரமும் கேட்டார். அந்த சொரி அவருக்குப் பிடிபடவில்லை. இந்த நாட்டில் காலை மிதித்தவனும் சொரி சொல்லுவான், மிதிபட்டவனும் சொல்லுவான், அதிலே ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முன்னால் ஒரு வயோதிபர் மருந்துச் சீட்டோடு காத்து நின்றார். றோஸ்மலர் அவசரமாக, வெரி குட் என்று எழுதி, கட்டைவிரல் படமும் ஒன்று போட்டு அனுப்பிவிட்டார்.

கோயில் மண்டபத்தில் நான் கேட்டேன். "உங்களுக்கு அப்பவே விளங்கினதோ?"

"அந்தக் குரலிலை அவ்வளவு சந்தோசம், தம்பி. நான் ஏன் கெடுப்பான் எண்டு நினைச்சன்."

"விளங்கினதோ?"

"விளங்கினது எண்டும் சொல்லேலாது. விளங்கேல்லை எண்டும் சொல்லேலாது."

அந்தப் பதிலை அனுப்பியபின் றோஸ்மலருக்கு வேலை ஓடவில்லை. வயோதிபருக்கு வேறு ஆளின் பொட்டலத்தை எடுத்து நீட்டி, பிறகு தானே திருத்தினார். கடை முதலாளி லதீசனிடம் போனார்.

"தம்பி, நான் ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போக வேணும்."

"என்னக்கா, சுகமில்லையோ?"

"எனக்கில்லை."

பஸ்ஸில் இருந்து சியூலானுக்குத் திரும்பத் திரும்ப எடுத்தார். பதில் இல்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்தால் சொந்தக்காரரோ என்று கேட்டார்கள். டீச்சர் என்றார். சொல்ல முடியாது என்றார்கள். அந்தச் சொல்ல முடியாது என்பதிலேயே அவருக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது.

5

(இந்தப் பகுதியை முதலில் எழுதியபோது பஸ்ஸைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டேன். றோஸ்மலர் வாசலிலேயே சியூலானைப் பிடித்து, மெல்லக் கையைப் பற்றி, வெளியே வாங்குப் பலகையில் இருத்தி... நன்றாகத்தான் வந்தது. ஆனால் நடக்கவில்லை.)

பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் ஒரு சின்ன அறை இருக்கும். அங்கே மட்டும் கதிரைகள் மெத்தையாக இருக்கும். மேசையில் கண் துடைக்க ஒரு ரிஷூப் பெட்டி இருக்கும். அந்த அறைக்குள் கூட்டிப்போனால் என்ன சொல்லப்போகிறார்கள் என்று றோஸ்மலருக்குத் தெரியும். சியூலானுக்குத் தெரியாது. றோஸ்மலர் போய்ச் சேர்ந்தபோது சியூலான் நல்ல மேலங்கி போட்டு, தலை சீவி, மடியில் கஞ்சிப் போத்தலோடு அங்கே உட்கார்ந்திருந்தார். வீட்டுக் கரண்டியை ஒரு வெள்ளைத் துவாயில் சுற்றி வைத்திருந்தார். றோஸ்மலரைக் கண்டதும் முகம் மலர்ந்து, பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினார்.

றோஸ்மலர் உட்காருவதற்குள் தாதி வந்துவிட்டாள். இளம்பெண். முழந்தாளிட்டு சியூலானின் கையைப் பிடித்தாள். எவ்வளவு மென்மையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மென்மையாகச் சொன்னாள். "ஐம் சோ சொரி. ஹி பாஸ்ட் வெரி பீஸ்ஃபுலி."

"யெஸ்," என்றார் சியூலான். "ஹி பாஸ்ட். தேங்க் யூ." பிறகு போத்தலைத் தூக்கிக் காட்டி, "நவ் ஹி ஈட்?"

தாதி றோஸ்மலரைப் பார்த்தாள்.

"சியூலான்," என்றார் றோஸ்மலர். "ஹி டைட்." செத்ததற்கு உள்ள நேர்ச் சொல் அது.

சியூலான் தலையை ஆட்டிச் சிரித்தார். பிழை விட்ட ஒருவரை நோகாமல் திருத்துகிற சிரிப்பு.

"நோ, டீச்சர். பாஸ்ட்."

"எனக்கு அந்த ட் கேட்டது, தம்பி," என்றார் றோஸ்மலர் என்னிடம். "நான் படிப்பிச்ச ட்."

அவர் மறுபடி சொல்ல வேண்டி வந்தது. வேறு சொல் தேடினார். மெத்தை வைத்த சொற்கள்தான் வந்தன, ஒன்றும் சியூலானுக்கு விளங்காது. கடைசியில் போன் பட்டரி முடிந்தால் சொல்கிற சொல்லைத்தான் சொன்னார். டெட். லின் டெட். சொல்லும்போது ஒரு மனிதரின் பெயருக்குப் பக்கத்தில் அதை வைக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

சியூலான் தாதியைப் பார்த்தார். தாதி தலையசைத்தாள். அவர் போத்தலின் மூடியைத் திறந்தார், உள்ளே பார்த்தார், இறுக்கி மூடினார். பிறகு தன் மொழியில் ஏதோ சொன்னார். நீளமாக, சத்தம் உயர்த்தாமல். றோஸ்மலருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என்ன சொல்லியிருப்பார் என்று நான் சீன நண்பரிடம் கேட்டு நாலு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் விளங்காததை உங்களுக்கு மட்டும் எப்படி விளக்குவது?

6

இனி முடிவு.

முடிவு ஒன்று: சியூலான் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. (எழுதியாகிவிட்டது. சோகம் கச்சிதமாக இருந்தது. ஆனால் வந்தார்.)

முடிவு இரண்டு: இருவரும் கட்டிப்பிடித்து (கிழித்தாயிற்று.)

நடந்தது இது. தகனத்துக்கு றோஸ்மலர் போய்ப் பின்வரிசையில் நின்றுவிட்டு வந்தார். சில வியாழன்கள் முன்வரிசைக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. அந்த நாட்களில் அவர் வினைச்சொற்களை விட்டுவிட்டு, பழங்கள், மரக்கறிகள், கிழமை நாட்கள் என்று ஒரே ஒரு பொருள் மட்டும் உள்ள சொற்களாகப் படிப்பித்தார்.

ஈஸ்டர் உயிர்ப்பு ஞாயிறு கழிந்து சியூலான் திரும்பி வந்தார். இனி வீட்டில் ஆங்கிலம் பேச வேறு ஆளில்லை. வங்கிக்குப் போக வேண்டும், கவுன்சிலுக்குப் போக வேண்டும். வகுப்பு முழுவதும் அமைதியாக எழுதினார். எல்லாரும் போனபின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார்.

"டீச்சர். மை மெசேஜ்." கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார், றோஸ்மலர் அனுப்பிய படத்தைப் போலவே. "யூ நோ? தட் டைம், யூ நோ?"

அவர் குரலில் கோபம் இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார் றோஸ்மலர். பாடத்தில் விளங்காத இடத்தைக் கேட்கிற குரல்தான். அந்தக் கஞ்சியைக் காய்ச்சிய நேரம் முழுவதும் தன்னோடு சந்தோசப்பட்ட ஒரு ஆள் இருந்தாரா, அல்லது தான் தனியே சந்தோசப்பட்டாரா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. (இந்த விளக்கம் என்னுடையது. பிழையாக இருக்கலாம்.)

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?" என்று றோஸ்மலரிடம் கேட்டேன்.

அப்போதுதான் மண்டபத்தில் யாரோ தேத்தண்ணீர்க் கோப்பைகளைச் சேர்க்க வந்தார்கள். றோஸ்மலர் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு போனில் கேட்டேன். "அதை நீங்களே எழுதுங்கோ, தம்பி" என்றார்.

எழுதிப் பார்த்தேன். தெரியாது என்று எழுதினால் பொய். தெரியும் என்று எழுதினால் அதுவும் முழு உண்மை இல்லை; அதோடு சியூலான் ஒரு முழுக் காலையும் தன் சந்தோசத்தோடு தனியே நின்றவராகிவிடுவார். விளங்கினது எண்டும் சொல்லேலாது, விளங்கேல்லை எண்டும் சொல்லேலாது என்பதைச் சொல்ல சியூலானுக்கு விளங்கக்கூடிய ஆங்கிலம் என்னிடம் இல்லை.

அதனால் இதை உங்களிடம் விடுகிறேன். சியூலான் கதவடியில் நிற்கிறார். கீழே பஸ் வரும் நேரம், ஆனாலும் அவசரப்படவில்லை. உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள். சின்னச் சொல்லாக, ஒரே ஒரு பொருள் உள்ள சொல்லாகப் பார்த்துச் சொல்லுங்கள்.