கிளெம்மின் கோப்பையைக் கவிழ்த்தவள்

டூராமா ஆற்றில் சிப்பித் தட்டுகளைத் தூக்கிப் படகில் அடுக்கிக்கொண்டிருந்த கிளெம் பிக்கெட்டின் இடது கையை, அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஒரு சிப்பி கிழித்தது. கிழித்தது என்பதே பெரிய வார்த்தை. பெருவிரலுக்குப் பக்கத்தில் மீன் முள் கீறியது போல ஒரு கோடு, அவ்வளவுதான். கிளெம் அதைப் பார்த்துக் கொட்டாவி விட்டான். மீசை முளைத்த நாள் முதல் சிப்பி வளர்ப்பவன் அவன். அவன் கையில் தழும்பில்லாத இடம் ஒன்று கிடைத்தால் அதைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம்.

இதற்கென்று அந்த ஆற்றுக்காரர்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. எல்லாப் படகிலும் ஒரு ரம் குப்பி இருக்கும். காயத்துக்கு ஒரு மூடி, வாய்க்கு ஒரு மடக்கு. வெளியே ஊற்றினால் வெளியே இருக்கிற கிருமி சாகும், உள்ளே ஊற்றினால் உள்ளே இருக்கிற கிருமி சாகும். கிளெம் காயத்துக்கு ஒரு மூடி ஊற்றினான். உள்ளே எத்தனை கிருமி இருக்கிறதோ தெரியாதே என்று வாய்க்கு நாலு மடக்கு ஊற்றினான்.

குடியில் கிளெம்முக்கு ஊரில் நல்ல பேர். தினமும் குடிப்பான், ஒருநாளும் தள்ளாடியதில்லை. சதுப்பு நிலத்துக் கொசு அவனைக் கடித்தால் கொசுதான் தள்ளாடும். அப்படிக் கடித்த ஒன்று நேராகப் பறக்க முடியாமல் படகுத்துறைக் கம்பத்தில் மோதி விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். விடிவதற்குள் ஆள் வேலைக்கு வந்துவிடுவான். அதனால் அவனை யாரும் குடிகாரன் என்று சொன்னதில்லை. அவனுடைய கல்லீரலிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதுமில்லை.

அவன் மனைவி நோரீன் மட்டும் ஒரு வருஷமாகக் கவனித்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் ஒரு வாரத்தில் போகும் சளி இவனுக்கு மாதக்கணக்கில் இருந்தது. சின்னப் புண்கூட ஆற மறுத்தது. கண்ணின் வெள்ளையில் லேசாக மஞ்சள் தெரிந்தது. “ஒரு தடவை டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துப் பார்த்துடு கிளெம்” என்றாள். “சிப்பி சீசன் முடியட்டும்” என்றான் அவன். சிப்பிக்கு சீசன் எப்போது முடிந்திருக்கிறது?

அந்த வாரம் பெருமழை பெய்து, பிறகு வெயில் கொளுத்தியதில், ஆறு குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில் இருந்தது. அப்படிப்பட்ட தண்ணீரில் சில கிருமிகள் கல்யாண வீடு மாதிரிப் பெருகும். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், சிப்பி கழுவும் கொட்டகையில், கிளெம்மின் சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே கிடப்பதை நோரீன் பார்த்தாள். கிளெம் சாப்பாட்டை விட்ட சரித்திரமே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு நேரே பப்புக்குப் போனாள்.

கிளெம் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தான். இடது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. வெளியே சாலையில் தார் உருகுகிற வெயில். இவன் கோட்டு போட்டிருந்தான்.

“கையைக் காட்டு கிளெம்.”

“ஒண்ணுமில்ல. கீறல்.”

“ஒண்ணுமில்லாத கை எதுக்குப் பைக்குள்ள ஒளிஞ்சிருக்கு?”

“குளுருது.”

பல் கிட்டியது அவனுக்கு. நோரீன் கையை வெளியே இழுத்தாள். சுட்ட ரொட்டி போல உப்பியிருந்தது. கீறலைச் சுற்றிக் கருநீலத்தில் கொப்புளங்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கையைப் பார்த்து ஒரு சிவப்புக் கோடு ஏறிக்கொண்டிருந்தது.

“எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“இரு. அடுத்த ரவுண்டு என் முறை.”

அந்த ஊரில் இது விளையாட்டுப் பேச்சில்லை. கூட்டமாகக் குடிக்கும்போது ஆளுக்கு ஒரு முறை எல்லாருக்கும் வாங்க வேண்டும். மற்றவர்கள் வாங்கியதைக் குடித்துவிட்டுத் தன் முறை வருவதற்குள் எழுந்து போகிறவனோடு, நாய்கூட அப்புறம் நடக்காது.

எதிரே இருந்த டார்பி சிரித்தான். கிளெம்மோடு பள்ளிக்கூடம் போனவன், கிளெம்மோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். “என்ன மச்சான், உன் முறை வந்ததும் பொண்டாட்டி வந்து நிக்கறாங்க. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா? நம்ம ஸ்டான்லி அவன் முறைக்கு முன்னாடி மாரடைச்சுப் போனான். இன்னிக்கு வரைக்கும் அவனைக் கஞ்சன்னுதான் சொல்றோம்.”

கூட்டம் சிரித்தது. கிளெம்மும் சிரிக்கப் பார்த்தான், உதடு ஒத்துழைக்கவில்லை.

“அவனுக்குப் பதிலா நான் வாங்கறேன்” என்றாள் நோரீன்.

“பொண்டாட்டி வாங்குனா செல்லாதும்மா. அது சட்டம்” என்றான் டார்பி.

நோரீன் கிளெம்மின் கோப்பையை எடுத்தாள். மிச்சமிருந்த பீரைத் தரையில் ஊற்றினாள். கோப்பையை மேஜைமேல் டொக்கென்று கவிழ்த்து வைத்தாள்.

கடைக்காரர் பாஸ்கோ துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே விட்டார். அங்கே கோப்பையைக் கவிழ்ப்பதற்கு ஒரே அர்த்தம்தான்: இந்தக் கடையில் இருக்கிற எவனையும் அடிக்க நான் தயார், தைரியமிருந்தால் எழுந்து வா. நோரீனின் தலை டார்பியின் சட்டைப் பைக்குத்தான் எட்டும்.

“சட்டம் பேசினவன் வாடா முன்னாடி” என்றாள். “என்னை அடிச்சுப் போட்டுட்டு அவனைக் குடிக்க வை.”

யாரும் எழவில்லை. டார்பி அப்போதுதான் கிளெம்மின் கையைச் சரியாகப் பார்த்தான். “நான்... நான் வர்றேன், நோரீன், தூக்கறதுக்கு” என்றான்.

கிளெம் தானே நடப்பேன் என்று எழுந்தான். வாழ்நாளில் முதல் தடவையாக அவன் அந்தப் பப்பில் தள்ளாடினான். அதுவும் அரைக் கோப்பையில்.

ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தொலைவு. நோரீன் வண்டியை விரட்டினாள். டார்பி கிளெம்மின் பக்கத்தில் உட்கார்ந்து, சிவப்புக் கோடு முடியும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தான். பால் பண்ணை வளைவு திரும்பும்போது கோடு புள்ளியைத் தாண்டியிருந்தது. இன்னொரு புள்ளி வைத்தான். பாலம் வருவதற்குள் அதையும் தாண்டியது. அதற்குமேல் டார்பி பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டான்.

“எங்க போயிருக்கு?” என்றாள் நோரீன், சாலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

“நீ ஓட்டு.”

“டார்பி, என் முறை பாக்கி இருக்குடா” என்று முனகினான் கிளெம்.

“வாயை மூடு மச்சான். கும்பிட்டுக் கேக்கறேன், வாயை மூடு.”

அன்று மாலையே அவன் கையை அறுத்துத் திறந்தார்கள். மறுநாள் மறுபடி. ரத்தம் முழுக்க விஷம் பரவியிருந்தது. பிழைப்பானா என்று கேட்டதற்கு யாரும் நோரீனுக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. அவள் நடைவழி நாற்காலியில் சிப்பி நாற்றமடிக்கும் உடுப்போடு உட்கார்ந்தே இருந்தாள். கடைசியில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டு எமன் ஆளை விட்டுவிட்டான்.

கண் விழித்த கிளெம் டாக்டர் ஃபிஃபிட்டாவிடம் கேட்ட முதல் கேள்வி: “எங்க ஆத்துல எல்லாரையும்தான் சிப்பி கிழிக்குது. எனக்கு மட்டும் ஏங்க இப்படி?”

அந்த அம்மா டோங்கா தீவுக்காரி. கட்டிலோரம் உட்கார்ந்தாள். “தினம் எவ்வளவு குடிப்பீங்க?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம்னா வாளியா, பீப்பாயா, அதையும் சொல்லு” என்றாள் நோரீன்.

டாக்டர் சிரிக்கவில்லை. “ரத்தத்துல நுழையற கிருமியைப் பிடிச்சு முழுங்கறதுக்குன்னே கல்லீரல்ல செல்லுங்க இருக்கு. வருஷக்கணக்கா தினம் குடிச்சதுல உங்க கல்லீரல் வீங்கி வீங்கித் தழும்பாயிடுச்சு. ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்களும் மந்தமாயிடுச்சு. கிருமி வந்தா தூங்குது. ஒண்ணும் வராதப்ப எழுந்து சொந்த வீட்டுக்கே தீ வைக்குது, அதான் அந்த வீக்கம். இந்தக் கிருமி மத்தவங்களுக்கும் வரலாம்தான். ஆனா கல்லீரல் கெட்டவங்களைத்தான் ஒரே நாள்ல சாய்க்கும்.”

“நான் ஒருநாளும் தள்ளாடினதில்லையேம்மா.”

“கல்லீரல் தள்ளாடாதுங்க. வலிக்கக்கூட வலிக்காது. இன்னிக்கே நிறுத்தினா வீக்கம் வடியும், இருக்கறது மிஞ்சும். தழும்பு முழுசா போகும்னு பொய் சொல்ல மாட்டேன்.”

அடுத்த வாரம் டார்பி பார்க்க வந்தான். உட்கார்ந்தான். நோரீன் தேநீர் வாங்கப் போனதும் உள்பையிலிருந்து தட்டையான ரம் குப்பியை எடுத்தான். அவன் கட்டைவிரலில் புதிதாக ஒரு வெட்டு இருந்தது.

“ஒரே மடக்கு மச்சான். உள்ள மிச்ச கிருமி இருந்தா...”

கிளெம் கட்டுப் போட்ட கையை உயர்த்தினான். டார்பியின் குப்பி அந்தரத்தில் நின்றது.

“அந்த விரலைக் கழுவினியா?”

“ரம் ஊத்தினேன்.”

“சோப்புப் போட்டுக் கழுவுடா. அப்புறம் நர்ஸம்மாகிட்ட கையை நீட்டி டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. இந்தக் குப்பியை போற வழியில சாக்கடைக்கு ஊத்து. அதுக்குக் கல்லீரல் கிடையாது, தாங்கும்.”

“என்னடா நீ, சாமியாராயிட்டியா?” என்றான் டார்பி. குரலில் கிண்டல் பாதிதான் இருந்தது.

“இங்க படுத்துக்கிட்டு நான் சிப்பியைத் திட்டாத நாளில்லடா. அது என்ன பண்ணும்? வீட்டுக் காவக்காரனுக்குத் தினம் ஊத்திக் குடுத்துப் படுக்க வச்சது நான். கதவைத் திறந்து வச்சதும் நான். அப்புறம் திருடன் வந்தான், திருடன் வந்தான்னு கத்தி என்ன பிரயோஜனம்?” மூச்சு வாங்கிக்கொண்டான் கிளெம். “கால் தள்ளாடலையே, குடி நம்மளை என்ன பண்ணிடுச்சுன்னு நினைச்சோம் பாரு, அதாண்டா நம்ம மடத்தனம். கால் தள்ளாடறதுக்கு ரொம்ப முன்னாடியே கல்லீரல் விழுந்துடுது. விழுந்த சத்தம் மட்டும் கேக்கறதில்ல.”

டார்பி குப்பியை மூடினான். கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எழுந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டே கேட்டான்: “ரத்தம் எந்த ரூம்ல எடுக்கறாங்க?”