பூ வைத்த படம்

…இல்லை, அது அவளாக இருக்காது, எர்ணாவூரில் ஜெஸ்லின் என்று ஒருத்திதானா இருக்கிறாள், என்று கார்குழலி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டி மறுபடியும் பார்த்தாள். அவளேதான். கறுப்புக் கோட்டும் கூலிங்கிளாஸுமாக, பின்னால் ஒரு விமானம், அதற்கும் பின்னால் ஏதோ கோட்டை, மேலே தேவனுக்கே மகிமை, கீழே 'உயர்கல்வி பயில ஜெர்மனி செல்லும் எங்கள் வீட்டு இளவரசியை வாழ்த்தி வழியனுப்புகிறோம்', நாளைய தேதி… நாளைக்கா? முன்னால் கன்டெய்னர் லாரிகள் துறைமுகம் வரைக்கும் வரிசை கட்டி நிற்கின்றன, டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "இன்னிக்கு வூடு போய்ச் சேந்த மாரிதான் நைனா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சலித்துக்கொள்கிறார், நின்றதுதான் நின்றது, இந்த பேனருக்கு எதிரிலேயா வந்து நிற்க வேண்டும்? இந்தப் பக்கத்தில் காது குத்தினாலும் பேனர், கருமாதி என்றாலும் பேனர், அதைப் பார்த்து எத்தனை தடவை இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள், நம்மைப் பேனரில் ஏற்றினால் கிழித்துவிட்டுத்தான் ஏரோப்ளேன் ஏற வேண்டும் என்று யார் சொன்னது, ஜெஸ்லின்தானே சொன்னாள்.

ஜெஸ்லின் வீட்டு மளிகைக்கடை மாடியில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் தும்மிக்கொண்டே போட்ட திட்டம் அது. காலேஜ் முடித்ததும் இரண்டு பேரும் ஜெர்மனிக்குப் போய்ச் சரக்குப் போக்குவரத்து படிப்பது, ஒரே அறை, ஒரே குக்கர். கார்குழலிக்கு இடம் கிடைத்தது. ஜெஸ்லின் அழுதாள். "எனக்குக் கெடைக்கல குழலி, நீயாச்சும் போ" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீ இல்லாம நா மட்டும் போயி இன்னாடி பண்ணப் போறேன், அடுத்த வருசம் சேந்தே போலாம்" என்று அந்த மூட்டைமேல் உட்கார்ந்தபடியே, எனக்கு இந்த வருடம் இடம் வேண்டாம் என்று அந்த ஊருக்குப் பதில் அனுப்பினாள் பைத்தியக்காரி. அனுப்பும்போது ஜெஸ்லின் பக்கத்தில்தான் இருந்தாள். இருடி, யோசிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை? இல்லை. கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அறுக்கும்போது கையையும் பிடித்துக்கொள்வார்கள் போல… ஏன் மறைத்தாள்? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது, அதானே? விசா வந்து பெட்டி கட்டும்வரைக்கும் யாரிடமும் மூச்சு விடக்கூடாது, அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், ஜெஸ்லின் வீட்டில் அதற்குப் பேர் ஜெபத்தில் வைத்திருப்பது. சரி, ஊரார் கண்ணுக்குப் பயப்படு. என் கண்ணுமா உனக்குக் கொள்ளிக்கண்ணாகிவிட்டது? உனக்கு ஜுரம் வந்தால் எனக்குச் சோறு இறங்காதேடி.

லாரி ஒன்று உறுமிக் கொஞ்சம் நகர்ந்தது, பேனரின் கீழ்ப்பாதியும் தெரிந்தது. வாழ்த்துவோர் வரிசை, தபால்தலை அளவில் தலைகள், மாமா, சித்தி, சபைக்காரர்கள், கடைசியில் ஓரமாக 'அன்புத் தோழி கார்குழலி'. அவளுக்கே சொல்லாத பயணத்துக்கு அவளே வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதுவும் பல்லைக் காட்டிக்கொண்டு. இது பிராங்கிளின் வேலையாகத்தான் இருக்கும், ஜெஸ்லினின் அண்ணன், பேனர் என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம், வரிசையில் ஒரு தலை விட்டுப்போனாலும் ஆயுசுக்கும் பகை என்று எல்லோரையும் தேடித் தேடிப் போடுவான். அவனிடம் மட்டும் மறைக்கச் சொல்ல மறந்துவிட்டார்கள் போலும். சிரிப்புக்கூட வந்தது அவளுக்கு, கண்ணில் நீரோடு. எந்தப் படத்தைப் போட்டிருக்கிறான் பாவி, வாட்ஸ்அப்பில் இருப்பதா… இல்லையே, இதில் பூ வைத்திருக்கிறாள். கனகாம்பரம்.

கனகாம்பரம். ஜெர்மனிக்கான ஆங்கிலப் பரீட்சைக்குப் போன காலையில் அம்மா வாசலில் மறித்துத் தலையில் வைத்தது, "நில்லு, ஒரு போட்டோ எட்த்துக்கறேன்" என்று தன் போனில் எடுத்தாள், இவள் தெருமுனை திரும்பியதும் அந்தப் பூவைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டாள், பரீட்சைக்குக் கனகாம்பரமா என்று. அந்தப் பூவோடு அவளை ஜெஸ்லின்கூடப் பார்த்ததில்லை. அந்தப் படம் வேறு எங்கும் இல்லை. அம்மாவின் போனில்தான். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒருத்தருக்கு போட்டோ அனுப்பணும்னா எதத் தொடணும் குழலி?" என்று கேட்டாள், யாருக்கு என்று இவள் கேட்கவில்லை, அந்தத் தடித்த விரலைத் தானே பிடித்து, இதைத் தொடு, இப்போ இதை, என்று சொல்லிக் கொடுத்தாள். சமத்தும்மா நீ என்றுகூடச் சொன்னாள். எப்போதிலிருந்து தெரியும் அம்மாவுக்கு? அப்பா போன பிறகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நீயும் பூட்டா எனக்கு யாரு கீறா" என்றாள், பிறகு அந்தப் பேச்சே எடுத்ததில்லை. ஜெஸ்லின் அழுவதற்கு முந்தின வாரம் எண்ணெய் வாங்க அவர்கள் மளிகைக்கடைக்குப் போன அம்மா ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தாள்… அந்த அழுகை யாருக்காக அழுதது?

போன் அடித்தது. அம்மாதான்.

"எங்க கீற? சோறு ஆறிக்கினு கீது."

"லாரிக்குப் பின்னால மாட்டிக்கினு கீறேம்மா." பேனரைப் பார்த்தபடியே, "பேனர்ல என் போட்டோ நல்லாத்தான் கீது" என்றாள்.

அந்தப் பக்கம் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது, யாரோ வாளியை இழுக்கும் சத்தம், டிவி… கார்குழலி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள், கேளும்மா, கேட்டுவிடு, இப்போதாவது கேள். லாரிகள் நகர ஆரம்பித்தன, டிரைவர் சாவியைத் திருப்பினார், பேனர் மெல்லப் பின்னால் போனது, அம்மா இன்னும் போனை வைக்கவில்லை, எந்த பேனர் என்று கேட்கவும் இல்லை.