விரலை எடுக்கும் வரை

எழுபத்திரண்டு வயது விரல் இப்படி ஒரே இடத்தில் போய் உட்காராது.

முதலில் இதைத்தான் நினைத்தேன். பயம் அப்புறம்தான் வந்தது. மற்றவர்களின் விரல்கள் திரையில் அலைந்து திரிந்துதான் பொத்தானுக்கு வந்து சேர்கின்றன. ஒருவர் இடது ஓரத்தைத் தொடுவார், இன்னொருவர் விளிம்பைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவார். இது மட்டும் ஆணி அடித்தாற்போல் விழுந்திருந்தது. சரியாக எட்டு மணி, விநாடி சுழியம், பொத்தானின் நட்டநடு. நேற்றும் அதே இடம், முந்தாநாளும் அதே இடம். ஒன்பது நாளும் ஒரு மயிரிழை பிசகவில்லை.

நான் வேலை பார்க்கும் வலைத்தளம் தனியாக வாழும் வயதானவர்களுக்கானது. திறந்தால் இரண்டே பொத்தான்கள். பச்சையில் 'நலம்', சிவப்பில் 'வாங்க'. காலை ஒன்பதுக்குள் பச்சையை அழுத்தினால் பிள்ளைகளின் போனுக்குச் செய்தி போகும். சிவப்பை அழுத்தினாலோ, ஒன்பதுவரை எதையுமே அழுத்தாவிட்டாலோ ஆள் போகும். எல்லோரும் எழுந்ததும் அழுத்துவதால் எனக்கு ஆறு மணி ஷிப்ட்.

போன மாதம் ஒரு கோளாறு. ஒரு தடவை அழுத்தினால் 'அம்மா நலம்' என்று மூன்று தடவை போயிற்று. ஒரு தடவை வந்தால் நிம்மதி, மூன்று தடவை வந்தால் மகன்களுக்குக் கலக்கமாகிவிடுகிறது. நடுங்கும் விரல்தான் காரணமாக இருக்கும் என்று தோன்றியதால், ஒன்பது நாளைக்கு முன்பு, தளத்தில் படும் ஒவ்வொரு தொடுகையையும் சர்வரில் முழுசாகப் பதிவு செய்ய வைத்தேன். விரல் எங்கே பட்டது, எத்தனை விநாடி இருந்தது, எங்கே விலகியது எல்லாம் அதில் விழும். தொட்டுவிட்டு அழுத்தாமல் விட்டதும் விழும். கோளாறு பிடிபட்டது, சரிசெய்தும் ஆயிற்று. பதிவை நிறுத்துவதற்குமுன் கடைசியாக ஒரு பார்வை பார்த்தபோதுதான் இது கண்ணில் பட்டது.

"இன்னும் அந்த முழுப் பதிவை நிறுத்தலையா? டிஸ்க் வயிறு முட்டி நிக்குதும்மா" என்றபடி பின்னால் வந்து நின்றார் எங்கள் மேலாளர். எதைச் சொன்னாலும் புகாராக எழுதி 'டிக்கெட்' போடச் சொல்வதால் அவருக்கு 'டிக்கெட்' என்றே பெயர்.

"ஏழாம் நம்பர் மட்டும் ஒரு மாதிரி இருக்கு சார்."

எட்டிப் பார்த்தார். "எவ்வளவு ஒழுங்கா அழுத்தியிருக்காங்க. எல்லாரும் இப்படி இருந்தா நம்ம பொழப்பு என்ன ஆகறது?"

"ரொம்ப ஒழுங்கா இருக்கு. மனுஷங்க இப்படி அழுத்த மாட்டாங்க சார்."

"பேயா அழுத்தும்? ஒரு டிக்கெட் போடுங்க. மதியத்துக்குள்ள எல்லாத்தையும் அழிச்சிடுங்க." போய்விட்டார்.

பதிவில் பெயர்கள் இருக்காது, எண்கள் மட்டும்தான். ஆனால் முதல் பத்து எண்கள் யாருடையவை என்று எங்களுக்குத் தெரியும். தளம் தொடங்கியபோது சோதனைக்கு எங்கள் வீட்டு ஆட்களைத்தான் சேர்த்தோம். ஏழு என் அத்தை, என் கணவரின் அம்மா.

சேர்த்தது நான்தான். "அம்மாவ நம்மகூட வெச்சுக்கலாமா?" என்று அவர் கேட்ட அதே வாரத்தில். இரண்டு அறை வீடு, என் ஷிப்ட், அவர் பயணம் என்று காரணங்களை அடுக்கிவிட்டு, இந்தப் பொத்தானை ஒரு பரிசுபோல் நீட்டினேன். எட்டு மாதமாகத் தினமும் எட்டு மணிக்கு 'அம்மா நலம்' வந்தது. நாங்கள் போவது வாரம் ஒரு முறையிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாயிற்று. கடைசியாகப் போய் இருபது நாள்.

ஏழாம் எண்ணின் வரிகளை மட்டும் பிரித்தெடுத்தேன். காலை வரிகளுக்குக் கீழே நான் எதிர்பார்க்காத இன்னொரு கூட்டம் இருந்தது. எல்லாம் மாலை நான்கு மணியை ஒட்டி, எல்லாம் சிவப்புப் பொத்தானில். இங்கே விரல் நடுங்கியது. வலப்பக்கம் சாய்ந்தது, நகர்ந்தது, திரும்பி வந்தது. இது மனித விரல்தான். பொத்தானில் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அங்கேயே எடுக்காமல் வெளியே இழுத்துக்கொண்டுபோய் எடுத்திருக்கிறது. அப்படி எடுத்தால் அழுத்தியதாகக் கணக்கில்லை. செய்தி போகாது, யாருக்கும் மணி அடிக்காது.

முதல் நாள் நான்கு விநாடி. பிறகு ஆறு, ஆறு, பதினொன்று, ஒன்பது, பதினேழு, பதினைந்து, இருபத்தாறு.

நேற்று நாற்பத்தொன்று.

நாற்பத்தொரு விநாடி என்பது எவ்வளவு நேரம் என்று பார்க்க என் விரலை மேசைமேல் வைத்து எண்ணினேன். இருபதிலேயே எடுத்துவிட்டேன்.

அத்தையைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. என்னவென்று சொல்வது? உங்கள் அம்மா நலம் என்று இத்தனை நாளாக யாரோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அது உங்கள் அம்மா இல்லை என்றா? அந்த வரிகளை என் போனுக்கு அனுப்பிக்கொண்டு, வயிற்றுவலி என்று டிக்கெட்டிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். என்ன கண்ணில் படப்போகிறதோ என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அந்த ஒத்திகையில் நான் அழுதேன், எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். அது வந்த வேகம் எனக்கே அருவருப்பாக இருந்தது.

மூன்றாவது மாடி. என்னிடமிருந்த சாவியைத் துவாரத்தில் நுழைப்பதற்குள் கதவு திறந்தது.

"வாம்மா. யாரு செத்துப்போனாங்கன்னு இப்படி மூச்சு வாங்க வர்றே?"

அத்தைதான். தலைவாரி, வெளுத்த புடவை கட்டி, கண்ணாடி போட்டு, முழுசாக நின்றாள். சிரிப்பு வந்தது எனக்கு. "போனை எடுக்க மாட்டீங்களா அத்தை?"

"நாப்பது வருஷம் ஊரான் போனை எல்லாம் எடுத்தாச்சு. எனக்கு ரிட்டயர்மென்ட் கெடையாதா?"

அத்தை தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். எதிர்முனையில் ஆள் பேசுவதற்குமுன், மூச்சை வைத்தே யார் என்று சொல்லிவிடுவாளாம்.

காபி போட உள்ளே போனாள். அப்போதுதான் அந்த நாற்காலியைக் கவனித்தேன். சாப்பாட்டு மேசை நாற்காலி, கதவை ஒட்டி, வெளியே பார்த்துப் போடப்பட்டிருந்தது. பக்கத்தில் அவள் செருப்பு. இருக்கையில் கைப்பை. அதற்குள் ஒரு மாற்றுப் புடவை, சீப்பு, கண்ணாடிக் கூடு, மடித்த துண்டு. வேறொருவர் வீட்டுக்கு வந்தவர்கள், கிளம்பும் நேரத்துக்காகக் காத்து உட்காரும் இடம்போல இருந்தது அது.

"எங்கயாவது ஊருக்குக் கிளம்பறீங்களா?"

"இல்லையே" என்றாள், காபியை நீட்டியபடி. நாற்காலியை அவள் பார்க்கவில்லை.

எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் இரண்டு கைகளாலும் டம்ளரைப் பிடித்திருந்தாள். அலமாரியில், அவளுக்குப் பின்னால் ஐந்தாறு அடி தள்ளி, சார்ஜரில் செருகிய போன் சாய்ந்து நின்றது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

எட்டு மணி.

போன் தானாக விழித்தது. எங்கள் தளம் திறந்தது. அருகில் யாரும் இல்லை. பச்சைப் பொத்தான், யாரோ விரல் வைத்ததுபோல் மெல்ல உள்ளே அமுங்கி மேலே வந்தது. 'நன்றி. நீங்கள் நலம் என்று தெரிவித்துவிட்டோம்.' அந்த வாசகத்தை எழுதியவள் நான். திரை அணைந்தது. அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, காபியை ஊதிக்கொண்டிருந்தாள்.

என் பையில் போன் அதிர்ந்தது. வீட்டுக்காரர். 'அம்மா நலம். சாப்டியா?'

"தானா அமுக்கற மாதிரி கீழ போன் ரிப்பேர் கடைக்காரர் வெச்சுக் குடுத்தார்" என்றாள் அத்தை, நான் கேட்காமலே. "விளையாட்டு ஆடறவங்க எல்லாம் வெச்சுக்கறாங்களாம். 'இந்த வயசுல என்ன கேம் ஆடறீங்க பாட்டி'ன்னு கேட்டார். பெரிய கேம்தான்னேன்."

"எதுக்கு அத்தை? ஒரு பொத்தான் அமுக்கறது அவ்வளவு கஷ்டமா?"

நான் போனை எடுத்து அந்த வரிகளைக் காட்டினேன். மாலை நேரம், விநாடிக் கணக்கு. அவள் கண்ணாடியைத் தூக்கி நெருக்கமாகப் பார்த்தாள். எண்களின்மேல் விரலை ஓட்டினாள். நான்கு, ஆறு, ஆறு. விரல் நடுங்கியது.

"இதெல்லாமா எழுதி வெக்குது அது? நான் அமுக்கவே இல்லையே."

"அமுக்காததும் விழும்."

"எங்க வேலையில லைன்ல என்ன கேட்டாலும் காதோட விட்டுடணும்" என்றாள். கோபமில்லை, வெட்கம்போல் இருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னாள். "நாலு மணி ஆனா இந்த வீடு வேற யாரோட வீடு மாதிரி ஆயிடுதும்மா. சாமான் எல்லாம் அதேதான். ஆனா நான் யாரையோ பார்க்க வந்திருக்கேன், அவங்க வெளிய போயிருக்காங்க, திரும்பி வந்தா என்ன நெனப்பாங்கன்னு இருக்கும். அப்ப அந்தச் செவப்புல கைய வெப்பேன்."

"அமுக்க வேண்டியதுதானே?"

"'வாங்க'ன்னு போட்டிருக்கே. யார வாங்கன்னு சொல்றது? யார் வருவாங்கன்னு யோசிப்பேன். யோசிச்சுட்டே இருப்பேன். அவன் மொகம் வந்துடும். வந்ததும், அட நம்ம புள்ளதானே, வேலையில இருப்பானேன்னு கைய எடுத்துடுவேன்."

நான் எண்களைப் பார்த்தேன். நான்கு விநாடியில் வந்த முகம் நேற்று நாற்பத்தொரு விநாடியில் வந்திருக்கிறது. நான் கோளாறு பிடிக்க வைத்த பதிவு, ஒரு தாய் தன் மகனை மறக்கும் வேகத்தை ஒன்பது நாளாக அளந்திருக்கிறது.

"காலையில எல்லாம் தெளிவா இருக்கேன். உன்னைத் தெரியுது பாரு. ஆனா அது காலையிலயும் வந்துட்டா? பச்சைய அமுக்க மறந்துட்டா நீங்க ஆளனுப்புவீங்க. அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. அது பாட்டுக்கு நலம் நலம்னு சொல்லிட்டிருக்கும்." கொஞ்சம் சிரித்தாள். "நான் இருந்தாலும் சரி, போனாலும் சரி."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இத அழிச்சுடும்மா. அவன்கிட்ட சொல்லாத. நாலு மணிய நான் பார்த்துக்கறேன்."

என் பார்வை போனுக்குப் போயிற்று.

"உனக்கும் அதானே வேணும்?"

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. ஆமாம் என்று எனக்குள் ஒன்று உடனே சொன்னது. அழிப்பது ஒரு தொடுகை, மதியத்துக்குள் மூலப் பதிவும் போய்விடும். நாளை எட்டு மணிக்கு 'அம்மா நலம்' வரும், என் இரண்டு அறை வீடு இரண்டு அறை வீடாகவே இருக்கும். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அந்த வீட்டில் மாலை நான்கு மணிக்கு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தி மட்டும், வரவேண்டிய முகத்துக்காக விரலை எடுக்காமல் காத்திருப்பாள்.

"என்ன? சரின்னு சொல்லு."

போனை அணைத்துப் பைக்குள் வைத்தேன். கதவருகில் கிடந்த நாற்காலியை எடுத்து வந்து மேசைக்குப் பக்கத்தில், அதன் பழைய இடத்தில் போட்டேன். அவள் கைமேல் என் கையை வைத்தேன்.

"மாட்டேன் அத்தை" என்றேன்.