இரண்டு மீட்டர்

அப்பாவின் மூச்சு நின்ற பிறகும் மகள் கோட்டைத் தாண்டவில்லை. நர்ஸ் நாடி பார்த்து, கண்ணை மூடிவிட்டுப் போயாயிற்று. இவள் நாற்காலியை விட்டு எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள்.

கோடு போட்டது அவள் வீட்டுக்காரர். இயற்பியல் பேராசிரியர், மாணவர்கள் வைத்த பெயர் அளவுநாடா. இவளுக்குச் சளி பிடித்த அன்றே, அப்பா படுத்திருந்த கட்டிலிலிருந்து இரண்டு மீட்டர் அளந்து, தரையில் சாக்பீஸால் கிழித்துவிட்டார். கூடவே மாமனாருக்கு ஒரு பிரசங்கமும் இலவசம்.

"இருமினா துளி தெறிக்கும் மாமா. ரெண்டு மீட்டருக்குள்ள கீழ விழுந்துடும். புவியீர்ப்பு!"

"என் பொண்ணு கைக்கு நீளம் அவ்வளவு இல்லையே மாப்பிள்ளை."

மாப்பிள்ளைக்குக் கேலி பிடிபடாது. தூசி வரும் என்று ஜன்னலைச் சாத்தினார். மாமாவுக்குப் புழுங்குமே என்று ஸ்டாண்டு ஃபேனை மகளின் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி, கட்டிலைப் பார்த்துத் திருப்பினார். நாலாம் நாள் அப்பாவுக்கு ஜுரம் வந்தது.

"கிட்ட வாயேன்மா" என்றார் நேற்றுக்கூட.

"கோடு இருக்குப்பா."

"அது எங்கயும் ஓடிப்போயிடாது. நீ வா."

அவள் போகவில்லை.

இப்போது பேராசிரியர் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். "இவகிட்டேருந்து வந்திருக்க வாய்ப்பே இல்ல. பேப்பர் போடுறவன், பால்காரன், யாராவது கொண்டாந்திருப்பான்."

"கொசு பிடுங்குதுப்பா" என்று சித்தப்பா ஒரு கொசுவர்த்தியைப் பற்றவைத்து, அவள் நாற்காலியின் மேல் வைத்தார்.

புகை ஒரு சாண் எழும்பியது. உடனே மடங்கிப் படுத்து, கோட்டுக்கு மேலாக நீண்டு, நேராக அப்பாவின் மூக்கிலும் வாயிலும் போய் மோதியது.

பேராசிரியரின் வாய் பாதி வாக்கியத்தில் நின்றது.

"என்னங்க" என்றாள் அவள். "எல்லாத் துளியும் கீழ விழுந்துடுமா?"

"பெருசு விழும்."

"சின்னது?"

அவர் ஃபேனைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவள் நாற்காலிக்கு நேர் பின்னால் அது சுற்றிக்கொண்டிருந்தது.

"புகை அண்ணன் மூஞ்சியில அடிக்குதே, யாரும் பார்க்க மாட்டீங்களா?" என்று சித்தப்பா ஃபேன் சுவிட்சைத் தட்டி அணைத்தார்.

அவள் கோட்டை மிதித்துக்கொண்டு போனாள். அப்பாவின் தலை கலைந்திருந்தது. அலமாரியிலிருந்து சீப்பை எடுத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து வாரினாள். மூச்சு முட்டியபோது சுவர்ப் பக்கம் திரும்பி விட்டுவிட்டு, மறுபடி குனிந்தாள்.